நீலத்துக்குக் கீழே

காலை ஐந்தரை மணிக்கு எழுவேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து, சிறிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடி சிரிஞ்சையும் இரண்டு ஊசிகளையும் அதில் போடுவேன். தண்ணீர் கொதித்த பின் பத்து நிமிடம். அதற்குள் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவுவேன். பிறகு சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசல் ஐந்து மில்லி, அதில் என் மனைவி நர்கீஸின் சிறுநீர் எட்டுச் சொட்டு. ஸ்பிரிட் விளக்கில் இரண்டு நிமிடம் காட்டினால் நிறம் தெரியும். சர்க்கரை இல்லையென்றால் கரைசல் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. அதற்கு மேல் மஞ்சள், ஆரஞ்சு. நிறைய இருந்தால் செங்கல் சிவப்பு. வந்த நிறத்தை நோட்டில் எழுதுவேன்.

சிரிஞ்ச் ஆறியதும், மண்பானைக்குள் ஈர மணலில் புதைத்து வைத்திருக்கும் இன்சுலின் குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவேன். இருபத்து நான்கு யூனிட் இழுப்பேன். ஒரு நாள் வலது தொடை, மறுநாள் இடது தொடை. அவள் சுவரைப் பார்த்துக்கொள்வாள். அரை மணி நேரத்தில் அவள் சாப்பிட வேண்டும். ஏழேகாலுக்கு நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்ததும் இன்னொரு சோதனை.

இப்படி ஓர் ஆண்டும் எட்டு மாதமும் போயின.

என் பெயர் முனீர். திருச்சியில் வேதியியல் படித்து பி.எஸ்ஸி. வாங்கியவன். திண்டுக்கல்லில் மீரான் ராவுத்தருடைய தோல் பதனிடும் ஷாப்பில் கெமிஸ்ட். சுண்ணாம்புக் குழியின் காரத்தையும் ஆவாரம்பட்டைத் தண்ணீரின் துவர்ப்பையும் அளந்து சொல்வது என் வேலை. நர்கீஸ் என் தாய்மாமன் மகள். ஐம்பத்தாறில் கல்யாணம். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

மறு ஆண்டு ஜூலையில் அவள் மெலிந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். எல்லாரும் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்றார்கள். ஒரு மத்தியானம் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துக் கிடந்தாள். நான் குனிந்து கூப்பிட்டேன். அவள் மூச்சில் என் லேப் அலமாரியின் வாசனை வந்தது. அசிட்டோன். உடம்பு சர்க்கரையை எரிக்க வழியில்லாமல் கொழுப்பை எரித்தால் அது மிஞ்சும் என்று பாடத்தில் படித்திருந்தேன். குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஞானதாஸ் இரண்டு நாள் அவளை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் கண் விழித்தாள். உங்கள் மூக்குதான் இந்தப் பெண்ணைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். அந்தப் பேச்சை நான் வெகுநாள் மனசில் வைத்திருந்தேன். வைத்திருந்திருக்கக் கூடாது.

அன்று டாக்டர் அவள் சிறுநீரைக் காய்ச்சிக் காட்டினார். குழாய் நிறையச் செங்கல் சிவப்பு. அது முதல் எனக்கு அந்த நிறம் ஆகாது. பூசாத சுவரைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போவேன். வீட்டிலிருந்த சீனி டப்பாவையும் கருப்பட்டியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அதன்பின் இனிப்பென்று எதுவும் எங்கள் அடுப்படிக்குள் வந்ததில்லை. என் காப்பிக்கும் சாக்கரின் மாத்திரைதான்.

டாக்டர் சொன்னதையெல்லாம் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன். ஆரஞ்சு வந்தால் மறுநாள் இரண்டு யூனிட் கூட்டலாம், அதற்கு மேல் கூடாது. மருந்து போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். நோன்பு கூடாது. வியர்வையோ நடுக்கமோ பேச்சில் குழறலோ கண்டால் உடனே சீனித் தண்ணீர். நான்கு நாள் தொடர்ந்து நீலம் வந்தால் வந்து பார்க்க வேண்டும். சிவப்பு வந்தால் அந்த நிமிடமே வர வேண்டும். எல்லாவற்றையும் எழுதினேன். கடைசி வரியை மட்டும் அடிக்கோடிட்டேன்.

நர்கீஸ் எட்டாவது வரை படித்தவள். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது, மாடுதான் என்று விசாரித்தே வாங்கினேன் என்றேன். அது தெரியும், ஆனால் அது என்ன சாமான் என்றாள். புரதம் என்றேன். புரதம் என்றால்? மணி கோத்த கயிறு மாதிரி. மொத்தம் இருபது வகை மணிதான் உண்டு. எந்த வரிசையில் கோக்கிறோமோ அதற்குத் தக்கபடி கயிறு மடங்கும். மடங்கின உருவத்துக்குத் தக்கபடி வேலை செய்யும். நான் குழியில் ஊறவைக்கும் தோலும் புரதம்தான், மூன்று கயிறு சேர்த்து முறுக்கின வடம். அதை மெட்ராஸிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். தலைமுடியும் புரதம்.

அவள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.

“அப்ப என் முடியும் மாட்டுத் தோலும் ஒரே சாமான்ங்கிறீக. கல்யாணத்துக்கு முந்தியே சொல்லியிருந்தா எங்கத்தா செத்த நேரம் யோசிச்சிருப்பாரு.”

இன்சுலினில் இரண்டு கயிறு என்று அப்போது புதிதாக ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். ஒன்றில் இருபத்தோரு மணி, மற்றதில் முப்பது. இரண்டையும் கந்தக முடிச்சுகள் இணைக்கின்றன. மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அவள் தொழுதபின் உருட்டுகிற ஒரு பழைய தஸ்பீஹ் மணிமாலையை அறுத்து, எண்ணி, இரண்டு சரமாகக் கோத்து, மஞ்சள் நூலால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். சரியாக ஐம்பத்தொன்று.

ஒரு மணி மாறினால் என்ன ஆகும் என்றாள். எந்த மணி என்பதைப் பொறுத்தது என்றேன். முடிச்சு அவிழ்ந்தால்? இரண்டு கயிறும் தனித்தனியாகப் போய்விடும், ஒரு வேலைக்கும் ஆகாது. எது அவிழ்க்கும்? யோசிக்காமல் சொல்லிவிட்டேன். தோலில் முடி உதிர்வதற்கு நாங்கள் சுண்ணாம்போடு சல்பைடு கலக்கிறோம். அது முடிக்குள் இருக்கும் அதே கந்தக முடிச்சைத்தான் அவிழ்க்கிறது.

அன்றிலிருந்துதான் மூன்று முறை கை கழுவுதல். ஊசிக்கு முன்னால் என் கையை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். பயந்துதான் செய்தாள், ஆனால் முகத்தில் கேலி இருக்கும்.

சர்க்கரையைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். சோறு என்பது கோத்து வைத்த சர்க்கரை. வயிற்றில் மணி மணியாக அறுந்து ரத்தத்துக்குப் போகிறது. இன்சுலின் கதவைத் திறந்தால் சதைக்குள் போகும். திறக்காவிட்டால் ரத்தத்திலேயே தேங்கிச் சிறுநீரில் வழியும். மூளை மட்டும் அந்தக் கதவுக்குக் காத்திருக்காது. ரத்தத்தில் வருகிற சர்க்கரையை அப்போதைக்கப்போது தின்றுகொண்டே இருக்கும். சேர்த்து வைக்க அதற்குத் தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை தீர்ந்தால் மூளை பட்டினி. இதை அவளிடம் நானே சொன்னேன். இது எனக்குத் தெரியும்.

நல்ல நிறம் வந்த நாளில் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேனாம். எனக்குத் தெரியாது, அவள்தான் சொல்லிக் காட்டுவாள்.

“பொண்டாட்டி மூத்திரத்தக் காய்ச்சிப் பாத்துச் சிரிக்கிற ஆம்பள இந்தத் திண்டுக்கல்லுலயே நீங்க ஒருத்தருதான் மச்சான்.”

சிரிப்பது அபூர்வம். காலையில் மஞ்சள், சாயங்காலம் ஆரஞ்சு. பெரும்பாலும் அப்படித்தான்.

ஐம்பத்தொன்பதில் மார்ச் இரண்டாம் வாரம் ரமலான் பிறை தெரிந்தது. வெயில் ஏறிவிட்ட சமயம். போன வருஷம் போல இந்த வருஷமும் அவளுக்கு நோன்பு இல்லை என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத்தும் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு, விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். நான் நோன்பிருந்தேன். பகலில் எங்கள் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி அக்கா, அவளுக்கு மத்தியானச் சாப்பாடு தான் அனுப்புவதாகச் சொன்னார். அவர் கணவர் ராயப்பராஜ் வாத்தியார். அவர்களுக்கும் அப்போது தவக்காலம்.

மூன்றாம் நோன்பன்று சாயங்காலம் குழாயில் நீலம். நம்பாமல் மறுபடியும் காய்ச்சினேன். நீலம்தான். மயில்துத்தத்தைத் தண்ணீரில் போட்டது போல இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குழாயைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஒவ்வொரு சாயங்காலமும் நீலம். வெள்ளிக்கிழமை மட்டும் பச்சை. சனிக்கிழமை திரும்பவும் நீலம். தோல் ஷாப்புக்கு வெள்ளி விடுமுறை. அன்று நான் வீட்டில் இருப்பேன், உட்கார்ந்து நானே பரிமாறுவேன். என் கை தாராளம், சோறு கூடிவிடுகிறது என்று நினைத்தேன். நோட்டில் அப்படியே எழுதியும் வைத்தேன்.

நான்கு நாள் நீலம் வந்தால் போக வேண்டும் என்பது நினைவில் இருந்தது. போகவில்லை. போனால் டாக்டர் மருந்தைக் குறைப்பார். குறைத்தால் சிவப்பு வந்துவிடும் என்று பயம். ரமலான் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

சாயங்காலங்களில் அவள் சோர்ந்திருந்தாள். கை குளிர்ந்திருக்கும். வெயில் என்றாள். ஒரு நாள் நான் உள்ளே வந்ததும் என்னைத் தன் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தூக்கக் கலக்கம் என்றாள். எனக்காக விடியுமுன் மூன்றரை மணிக்கே எழுந்து சஹர் சோறு ஆக்கி, தானும் அப்போதே சாப்பிட்டுக்கொள்கிறவள். நம்பினேன்.

புஷ்பமேரி அக்காவின் குடும்பம் ஈஸ்டருக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் அவர் தாய்வீட்டுக்குப் புறப்பட்டது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை நானே சமைத்தேன். அந்த வாரம் ஆறு நாளும் நீலம். சந்தோஷத்தில், சந்தையில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கி, அதில் ஒன்றை உரித்து அவளிடம் கொடுத்துவிட்டு மீதியை எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். ஒன்றுதான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாள். இரண்டு வருஷமாகப் பழம் தின்னாதவள்.

அன்று சாயங்காலம் ஆரஞ்சு. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவில். குழாயை அலம்பின பிறகும் நிறம் கண்ணில் நின்றது. இரவுத் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுது முடித்தேன் என்பது மறந்துபோயிற்று. ஐம்பத்தேழு ஜூலை மாதம் திரும்பி வருகிறது என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை சஹருக்கு அவள் வெறும் தண்ணீர் குடித்தாள். ராத்திரிச் சோறு செமிக்கவில்லை, ஏழு மணிக்கு இடியாப்பம் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். நேரமானதும் சிரிஞ்சை எடுத்தேன். அவள் அன்று சுவரைப் பார்க்கவில்லை. கோடுகளைப் பார்த்தாள்.

“எம்புட்டு?”

“இருபத்தெட்டு.”

“ஒத்த வாழப்பழத்துக்கு நாலா?”

“பழத்துக்கு இல்ல. ஆரஞ்சுக்கு.”

முதல் பக்கத்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. நான் நான்கு போட்டேன். அவள் தொடையைத் தேய்த்துக்கொண்டாள். குற்றம் செய்தவள் மாதிரி இருந்தாள். பிறகு சொன்னாள்.

“சாயந்தரம் நீலமாக்கிக் காட்டுறேன். போய்ட்டு வாங்க.”

இடியாப்பத்தை ஒரு தட்டிலும், மத்தியானச் சோற்றையும் கீரையையும் இன்னொரு தட்டிலும் போட்டு மூடிவைத்துவிட்டுப் போனேன்.

அன்று சுண்ணாம்புக் குழியிலிருந்து ஆட்டுத்தோல் எடுக்கும் நாள். முடி கையோடு வந்தது. நான் பட்டைத் தண்ணீரின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துவர்ப்பு தோலின் கயிறுகளுக்கு நடுவே புகுந்து கட்டிப்போடும். கட்டின பிறகு அது அழுகாது. வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். உயிர் மட்டும் கிடையாது. அன்று மத்தியானம் முழுக்க எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. சாயங்காலம் என்ன நிறம் வரும் என்பது. மருந்து காலையில் போட்டால் சாயங்காலம்தான் முழு வேகத்தில் இருக்கும் என்பது தெரியும். அதை நினைத்துத் தைரியப்படுத்திக்கொண்டேன்.

ஐந்தரைக்குப் புறப்பட்டு, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும்.

கதவு சாத்தியிருந்தது, தாழில்லை. நர்கீஸ் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமும் கழுத்தும் நனைந்திருந்தன. ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கூப்பிட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்தேன். பழம். என் புத்தியில் வேறு எதுவும் வரவில்லை. குனிந்து அவள் மூச்சை முகர்ந்தேன். அசிட்டோன் வாசனை இல்லை. அந்த மூக்கை நான் நம்பினேன். கொஞ்சம் தைரியம் வந்தது. சோதனைக்கு வேண்டியதை வழக்கம்போல் கண்ணாடி டம்ளரில் எடுத்து மூடிவைத்திருந்தாள். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். ஐந்து மில்லி அளந்தேன். எட்டுச் சொட்டு எண்ணினேன். குழாயை இரண்டு நிமிடம் தீயில் காட்டினேன். அவள் எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தாள்.

நீலம்.

நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதியாக வேண்டும். குழாயைத் தூக்கிக்கொண்டு திரும்பி, நர்கீஸ், நீலம் என்றேன். அவளுடைய விரல்கள் புடவைத் தலைப்பைப் பிடிக்கப் பார்த்துப் பிடிக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அடுப்படியில் மூடிவைத்த தட்டுகள் கண்ணில் பட்டன. இரண்டும். நான் மூடின விதத்திலேயே இருந்தன.

பெனடிக்ட் கரைசலுக்கு நீலத்துக்குக் கீழே நிறம் கிடையாது. ரத்தத்தில் போதுமான சர்க்கரை இருந்தாலும் நீலம், கொஞ்சமும் இல்லாவிட்டாலும் நீலம். கல்லூரியில் முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. உடம்புக்குள் இருபத்தெட்டு யூனிட்.

சீனி டப்பா இருந்த இடத்துக்குக் கை போயிற்று. அங்கே சாக்கரின் புட்டி இருந்தது. தித்திக்கும், ஆனால் சர்க்கரை இல்லை. தெருவுக்கு ஓடினேன். புஷ்பமேரி அக்கா வீட்டில் பூட்டுத் தொங்கியது. எதிர்வீட்டிலும் ஆள் இல்லை, கஞ்சி வாங்கப் போயிருந்தார்கள். திரும்பி ஓடிவந்தேன். நோன்பு திறக்க எனக்கு வைத்திருந்த தட்டில் பேரீச்சம்பழம் மூன்று இருந்தது. ஒன்றைக் கொட்டை எடுத்துப் பிசைந்து அவள் வாய்க்குக் கொண்டுபோனேன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்று சொன்னாள். அதைச் சொல்லும்போது குழறல் இல்லை. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டாள். அவள் உதட்டில் என் விரலை நுழைக்க என்னால் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

குதிரை வண்டி கிடைப்பதற்கு நேரமாயிற்று. பேகம்பூர் தாண்டும்போது நோன்பு திறக்கிற பாங்கு கேட்டது. ஒன்று, பிறகு தூரத்தில் இன்னொன்று. மடியில் கிடந்தவளின் உதட்டில் பழத்தை வைத்தேன். பாங்கு சொல்லியாச்சு என்று காதில் சொன்னேன். அவள் விழுங்கவில்லை. வாயோரமாக வழிந்தது. நானும் அன்று நோன்பு திறக்க மறந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் ஞானதாஸ் ஓடிவந்தார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த நாள் குழாய் வைத்து எடுத்த சிறுநீரை நானே காய்ச்சினேன். செங்கல் சிவப்பு. அந்தச் சிவப்பைக் கண்டு அழுகையே வந்துவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருக்கிறது, இனி எழுந்துவிடுவாள் என்று நர்ஸிடம் சொன்னேன். அவர் குளுக்கோஸ் புட்டியை மாற்றினார். மூளை எத்தனை நேரம் பட்டினி கிடந்தது என்பதுதான் கணக்கு. திங்கட்கிழமை விடியும்போது அவள் மூச்சு நின்றது. கண் விழிக்கவே இல்லை.

புஷ்பமேரி அக்கா ஊரிலிருந்து வந்ததும் நேரே என்னிடம் வந்தார். உட்காரவில்லை. முதல் இரண்டு நாள் சாப்பாடு அனுப்பியதாகவும், மூன்றாம் நாள் நர்கீஸ் வேண்டாமென்று திருப்பிவிட்டதாகவும் சொன்னார். ஒரே ஒரு நாள் நோன்பு வைத்துப் பார்க்கிறேன் என்றாளாம். அன்று நீலம் வந்தது. மறுநாளும் வைத்தாள். நான் வீட்டில் இருக்கிற வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பிட்டிருக்கிறாள். தினமும் நாலு மணிக்கு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊருக்குப் போன பிறகு வந்து பார்க்க ஆளில்லை.

“நானும் தவக்காலத்துல ஒருசந்தி இருக்கிறவ தம்பி. ஒருத்தி கையப் புடிச்சுக்கிட்டு நோம்பு இருக்கேங்கும்போது, தின்னுடின்னு எப்பிடிச் சொல்லுவேன். நோம்பு வச்சா நீலம் வருதுக்கா, மச்சான் மூஞ்சியப் பாக்கணுமேன்னா. அவ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா தம்பி.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார்மேலும் வரவில்லை. பயம் மட்டும் இருக்கிறது.

நோட்டை எடுத்துப் பார்க்கிறேன். சனி முதல் வியாழன் வரை நீலம், வெள்ளி பச்சை. சனி முதல் வியாழன் வரை நீலம், வெள்ளி ஆரஞ்சு. நான் வீட்டில் இல்லாத நாளெல்லாம் நீலம். தோல் ஷாப்பில் ஒரு குழியின் அளவு இப்படி மாறியிருந்தால் ஐந்து நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்திருப்பேன். இதில் ஏன் கண்டுபிடிக்கவில்லை? தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மனமில்லையா? அதுதான் என் பயம். நீலம் வேண்டும் என்று இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. மண்ணுக்குள் உடம்பில் எது முதலில் அவிழும், எது கடைசியில் அவிழும் என்று நான் படித்திருக்கிறேன். மற்றவர்கள் ஃபாத்திஹா ஓதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். மஞ்சள் நூலில் முடிந்த அந்த இரண்டு சரம் இன்னும் மண்பானைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காலையில் ஐந்தரைக்கு எழுகிறேன். கை கழுவுகிறேன், மூன்று முறை. என்னுடையதைக் காய்ச்சிப் பார்க்கிறேன். நீலம் வருகிறது. ஒவ்வொரு நாளும் நீலம் வருகிறது.

நர்கீஸின் உம்மா சர்புன்னிசா மாமி, வந்தவர்களிடமெல்லாம், என் மகள் அல்லாஹ்வின் பேரில் கலிமா சொல்லித்தான் வாயை மூடினாள் என்று சொல்கிறார். யாரோ அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவருக்கு அது வேண்டியிருந்தது.

ஆனால் அறையில் இருந்தவன் நான் ஒருவன்தான். பேரீச்சம்பழம் பிடித்த என் கையை அவள் புறங்கையால் தள்ளினாள். ஜன்னல் பக்கமாகக் காது கொடுத்தாள். என்னை அப்போது அடையாளம் தெரிந்திருந்தது. அவள் சொன்னது இதுதான்.

“இன்னும் பாங்கு சொல்லல மச்சான். கொஞ்சம் பொறுங்க.”